ஆடிக் கூழும் தலைகீழ் சுவிட்சும்

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டின்போது ஆசிரியர்கள் முறை வைத்து மைக்கில் பேச வேண்டும். என் முறை வரும் நாளில் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். எங்கள் தலைமையாசிரியை நல்ல மனுஷி. சுமதி டீச்சருக்கு ஏதோ அலர்ஜி என்று நினைத்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்வார். அலர்ஜிதான். ஆனால் தூசியால் வந்ததில்லை, மைக்கால் வந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பிடித்தது, நாற்பதை நெருங்கியும் என்னை விடவில்லை.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் எங்கள் தெரு. வீட்டுக்கு வீடு தறி. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்கும் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. இந்த வீட்டில் அப்பளம் பொரித்தால் அந்த வீட்டில் எண்ணிக்கை சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட தெருவில் மனுஷன் மானத்தோடு வாழ ஒரே வழிதான் உண்டு. காதில் விழுந்தது எதுவும் விழாத மாதிரி இருந்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கப் புருஷனோடு சண்டை போட்டு அழுத கண்ணோடு ஒருத்தி காலையில் குழாயடிக்கு வந்தால், எங்கள் தெருப் பெண்கள் அவளைப் பார்த்து, "மெட்ராஸ் ஐ-யா மா? பன்னீர் வுடு" என்பார்கள். அவளும் ஆமாம் என்பாள். அதோடு முடிந்தது.

இந்த நாகரிகத்தை எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருக்கலாம்.

எங்கள் பக்கத்து வீட்டில் லோகா அத்தை இருந்தார். அத்தை என்றால் சொந்தம் ஒன்றும் இல்லை, சுவர் சொந்தம். பிள்ளை கிடையாது. தனியாகத் தறி நெய்து தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமா பெங்களூரில் ஏதோ மில்லில் வேலை பார்க்கிறார், லீவு கிடைக்காததால் வரமுடியவில்லை என்று சொல்வார். நான் பார்த்த வரைக்கும் அந்த மில் யாருக்கும் லீவே கொடுத்ததில்லை. உண்மை என்னவென்றால், மாமா இருந்தது ஐயம்பேட்டையில். ஷேர் ஆட்டோவில் ஏறினால் உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் ஊர் வந்துவிடும். அங்கே அவருக்கு இன்னொரு குடும்பம். அந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் அவர் பையும் கையுமாக நின்றதைத் தெருவில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். ஆனாலும் குழாயடியில், "லோகா, பெங்களூர்ல நல்ல மழையாமே?" என்று யாராவது அன்போடு விசாரிப்பார்கள். அத்தையும் சளைக்காமல், அங்கே எப்போதும் குளிர்தான் என்பார். ரேடியோவில் செய்தி வாசிக்கும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் அத்தை ஏன் அடிக்கடி வருகிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. (வானிலை அறிக்கை கேட்க.)

அத்தைக்கும் என் அம்மாவுக்கும் அப்படி ஒரு சிநேகம். பின்பக்கக் குட்டைச் சுவர் வழியாகக் காபி அந்தப் பக்கம் போகும், முருங்கைக்கீரை இந்தப் பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு சின்னக் குண்டானில் கருவாட்டுக் குழம்பு வரும். அங்கேதான் சிக்கல். அத்தை காய்ச்சும் கூழுக்கு எங்கள் தெருவே அடிமை. ஆனால் அந்தக் குழம்பைப் பற்றி நாகரிகமாக எதுவும் சொல்ல முடியாது. புளி ஒரு பக்கம் இழுக்கும், உப்பு ஒரு பக்கம் இழுக்கும், கருவாடு யாரோடும் சேராமல் நடுவில் தனியாகக் கிடக்கும். அம்மா அதைச் சுவர் மேல் வாங்கிக்கொண்டு ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துவிட்டு, உள்ளே வந்து என்னிடம் கொடுப்பாள். பின்னால் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றுவது என் வேலை.

இனி என் திறமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு யார் குரலும் வரும். ஒருவரை இரண்டு முறை கேட்டால் போதும், மூன்றாவது முறை அவர் பேச வேண்டியதில்லை, நானே பேசிவிடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் என் சிநேகிதி ஜெயந்திதான் எனக்கு ரசிகர் மன்றம். அவள் ஆள் பெயரைச் சொல்வாள், நான் பேசிக் காட்டுவேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுக்கும். அந்த விக்கலை நான் பெரிய பட்டமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்கு நிகரான கலைஞர் யாரும் இல்லை என்றும், இது இன்னும் வெளியே தெரியாமல் இருப்பது நாட்டுக்குத்தான் நஷ்டம் என்றும் ஒரு எண்ணம். (அந்த வருஷம் ஆடி மாதத்தில் நாட்டுக்கு அந்த நஷ்டம் தீர்ந்தது.)

ஆடி ஞாயிறு எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். காரியங்களை எல்லாம் நடத்துகிறவர் முனுசாமி பெரியப்பா. தெருவுக்கே பெரியப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதைச் சொன்னாலும் முதலில் தொண்டையைக் கனைத்து, "அதாவது பாத்தீங்கன்னா" என்று ஆரம்பிப்பார். பள்ளியில் ஒப்பித்தல் போட்டியில் நான் பரிசு வாங்கியிருந்ததால், இந்த வருஷம் கூழ் அறிவிப்பைச் சுமதி சொல்லட்டும் என்று அவர்தான் சொன்னார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

மைக் செட் வைத்திருந்தது கோயிலுக்குப் பின்னால் இருந்த தெருச் சங்கத்தின் சின்ன அறையில். குழாய் ஸ்பீக்கர்களைத் தெருவின் இரண்டு முனையிலும் கட்டியிருந்தார்கள். அறையின் ஒரே ஜன்னல் அடுத்த தெருவைப் பார்த்தது. அந்தத் தெருவிலும் ஒரு அம்மன், அங்கேயும் கூழ், அங்கேயும் மைக் செட். அவர்கள் ஸ்பீக்கரைக் கட்டியிருந்த கம்பம் எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே. அறைக்குள் உட்கார்ந்தால் அந்தத் தெரு அம்மன் பாட்டு மட்டும்தான் கேட்கும். எங்கள் தெருவில் என்ன கேட்கிறது என்று தெரியவே தெரியாது.

நான் அறிவிப்பைச் சொன்னேன். கூழ் தயார், எல்லோரும் பாத்திரத்தோடு வரிசையில் வாருங்கள், தள்ளுமுள்ளு வேண்டாம். இரண்டு முறை சொன்னேன். குரலில் அப்படி ஒரு மிடுக்கு. மைக் செட் போட்டிருந்த ரேடியோ செட் பழனி அண்ணன் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இங்கேயே இரு மா, ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். கிளம்பும்போது மைக் சுவிட்சைக் கீழே தள்ளி வைத்துவிடு என்று சொன்னாரா, மேலே தள்ளி வைத்துவிடு என்று சொன்னாரா என்பது இன்றுவரை தீராத வழக்கு. சுவிட்ச் கெட்டுப்போய் அவரே பிரித்துப் பூட்டியதில் அது தலைகீழாகிவிட்டதாம். கீழே இருந்தால் ஆன், மேலே இருந்தால் ஆஃப். அது அவருக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? உலகத்தில் எல்லா மைக்குக்கும் இருக்கிற மாதிரிதான் இதற்கும் கீழே என்றால் ஆஃப் என்று நினைத்து, கீழே கிடந்த சுவிட்சை அப்படியே விட்டுவிட்டேன். அதுவரை பழனி அண்ணனே சுவிட்சைப் பிடித்திருந்ததால் அதன் குணம் எனக்குத் தெரியவில்லை.

ஜெயந்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். மைக்கைக் கையில் பிடித்தபடியே ஒரு ஆளைப் பேசிக் காட்டு என்றாள். கையில் மைக் இருந்தால் நிஜ மேடை மாதிரி இருக்கும் என்று எனக்கும் தோன்றியது.

அதற்குப் பிறகு தெருவில் என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. பலரும் பல வருஷமாகச் சொல்லிச் சொல்லி, நான் நேரில் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது.

முதலில் முனுசாமி பெரியப்பா. கனைத்தேன். "அதாவது பாத்தீங்கன்னா, அம்மனுக்கு மாலை நான்தான் வாங்கினேன். எலுமிச்சம்பழம் நான்தான் வாங்கினேன். அம்மனையே நான்தான் வாங்கினேன்" என்று பேசினேன். வரிசையில் நின்றவர்கள் இதையும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்களாம். பெரியப்பாவும் சிரித்தாராம். கொஞ்ச நேரம்தான் சிரித்தாராம்.

அடுத்தது என் அப்பா.

அப்பாவுக்குப் பட்டு நூல் தரும் முதலாளி ஒருவர் இருந்தார். அந்தச் சமயத்தில் அவர் கொடுத்த நூல் சரியில்லை, தொட்டால் அறுந்தது. அப்பா வீட்டில் நின்றுகொண்டு, இந்த நூலை அந்த ஆள் மூஞ்சியில் விட்டெறியாமல் வரமாட்டேன் என்று கர்ஜித்துவிட்டுக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கடையில் முதலாளி, என்னப்பா நூல் எப்படி என்று கேட்டதும் அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஒரு பதில் சொன்னார். நான் அறைக்குள் இரண்டையும் வரிசையாகப் பேசினேன். முதலில் வீட்டுக் கர்ஜனை. பிறகு தோளைச் சுருக்கிக்கொண்டு கடைக் குரல்: "நூல் ரொம்ப நல்லா இருக்குதுங்க மொதலாளி. என் கைதான் கொஞ்சம் சரியில்லீங்க."

தெருவில் ஆம்பளைகள் எல்லோரும் அதே மாதிரி யாரோ ஒரு முதலாளியிடம் அதே மாதிரி நூல் வாங்குகிறவர்கள். சிலர் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார்களாம். சிலர் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அப்பா கோயில் வாசலில் வேப்பிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர், பிரித்துக்கொண்டே இருந்தாராம்.

ஜெயந்திக்கு விக்கல் வந்துவிட்டது. விக்கல் வந்தால் எனக்குக் கண் தெரியாது. அவள் உங்க அம்மாவைப் பேசு என்றாள்.

அம்மாவைப் பேசுவதுதான் என் கலையின் சிகரம். முதலில் சுவர் மேல் பேசும் குரல், தேன் ஒழுகும்: "லோகா, கொழம்பு அமிர்தம் போ. இந்தக் கை யாருக்கு வரும்? எனக்கும் கத்துக் குடேன்." அடுத்தது அடுப்படிக் குரல், பல்லுக்கு நடுவில்: "ஏ சுமதி, இத எடுத்துக்கினு போய் பின்னாடி ஊத்து. மெதுவா ஊத்துடி, சத்தம் கேக்கப்போவுது. போன வாரம் பூனைக்கு வச்சேன், அது மோந்து பாத்துட்டு என்னைப் பாத்துச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கலைஞருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒருநாள் அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அதையும் சேர்த்துக்கொண்டேன்: "பெங்களூராம் பெங்களூரு. ஐயம்பேட்டைய தாண்டல அந்த ஆளு. பாவம், இவளும் எத்தினி நாளைக்கு மழை பெய்யுது மழை பெய்யுதுன்னு சொல்லிக்கினு இருப்பா."

அம்மா அந்த நேரம் வரிசையில் முன்னால் வந்து, கூழுக்குப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். கரண்டியைப் பிடித்திருந்தது லோகா அத்தை.

அத்தை ஒரு சொட்டு சிந்தாமல் அம்மாவின் பாத்திரத்தில் கூழை ஊற்றினாராம். வெங்காயத்தையும் எடுத்துப் போட்டாராம். பிறகு கரண்டியை அண்டாவின் மேல் குறுக்காக வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாராம். கதவு சாத்தும் சத்தம்கூடப் பெரிதாக இல்லையாம். இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் மட்டும் சிரிக்க மாட்டார்கள்.

எனக்கு எதுவும் தெரியாது. அறைக் கதவு திறந்தது. அம்மா நின்றாள். "அடிப்பாவி, சுவிட்ச ஆஃப் பண்ணுடி" என்று அலறினாள்.

நான் நிதானமாக, "ஆஃப்லதான்மா இருக்குது" என்றேன்.

அம்மாவின் அந்த அலறலும் ஸ்பீக்கரில் போயிற்று. இதுவும் சுமதி பேசுவதுதான் என்று தெரு நினைத்துக்கொண்டது. அன்றைக்கு நான் பேசியதிலேயே கடைசியாக அம்மா அலறியதுதான் அச்சு அசல் என்று பலரும் பின்னால் ஜெயந்தியிடம் பாராட்டிச் சொன்னார்களாம்.

அம்மா என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிவாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அம்மா அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கூழ்ப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். நானே பக்கத்தில் போய் நின்றேன், அடிக்க வசதியாக. "இன்னாத்துக்கு அடிக்கறது?" என்றாள். "நான் சொன்னததானே நீ சொன்ன. ஒரு வார்த்த கூட்டிக்கூட சொல்லல."

இதற்கு அடியே தேவலை.

மறுநாளிலிருந்து அம்மா குழாயடிக்குப் போகவில்லை. என்னை அனுப்பினாள். குடத்தை வைத்துவிட்டு நான் நிற்பேன். அதுவரை பேசிக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். போலீஸ்காரர் வந்தால்கூட எங்கள் தெரு அப்படி வாயை மூடியதில்லை. நான் போன பிறகுதான் மறுபடி பேச்சு ஆரம்பிக்கும். முனுசாமி பெரியப்பா எதிரே வந்தால் கனைக்காமல் போனார். கனைக்க வேண்டிய இடத்திலெல்லாம் அடக்கிக்கொண்டதில் அவருக்கு இருமலே வந்துவிட்டது என்று பெரியம்மா குறைப்பட்டுக்கொண்டார். பின்பக்கச் சுவர் மேல் காபி டம்ளரும் இல்லை, கீரையும் இல்லை. ஒரு பூனை மட்டும் நடந்து போய் வந்தது.

அப்பா தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். தறியை நிறுத்தினார். என்னைப் பார்க்காமல், பாவு நூலில் ஏதோ அறுந்ததைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டு, "ஏம்மா, நான் அப்படியா பேசறேன்?" என்று கேட்டார்.

இல்லைப்பா என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி நெய்ய ஆரம்பித்தார். நான் அதுவரை பேசிய அத்தனை குரலிலும் அந்த 'இல்லைப்பா' ஒன்றுதான் கொஞ்சமும் சரியாக வரவில்லை. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இதற்கு மேல் தாங்காது என்று அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். அத்தை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வா என்று என்னை அனுப்பினாள். என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். அம்மா எதுவுமே சொல்லவில்லை, எல்லாம் நானாக இட்டுக்கட்டிச் சொன்னது என்று சொல்ல வேண்டும். மாமா பெங்களூரில் இருக்கிறார் என்றுதான் எங்கள் வீட்டில் எப்போதும் பேசுவோம் என்றும் சொல்ல வேண்டும். நான் அதை ஒப்பித்தல் போட்டிக்குப் படிக்கிற மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அத்தை ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் வாசல்படியில் நின்று மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தேன். அத்தை ராட்டையை நிறுத்தினார்.

"பெங்களூர வுடு. அது தெருவுக்கே தெரியும். எனக்குத் தெரியும்னு அவங்களுக்கும் தெரியும். கொழம்பு சொன்னியே, அது நெசமா?"

இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. அம்மா இதற்கு ஒன்றும் சொல்லித் தரவில்லை. பெங்களூர்தான் பெரிய காயம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது, சொல்லித் தராத பொய்யும் எனக்கு வராது. எப்படியாவது அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று என் மூளை அவசரமாக வேலை செய்து ஒரு பதிலைக் கண்டுபிடித்தது.

"அம்மா கொட்டவே மாட்டாங்க அத்தை. நான்தான் கொட்டுவேன்" என்றேன்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே கொட்டுவாய் என்று கேட்டார். சாக்கடையைச் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் சின்ன வகுப்பிலிருந்தே இந்தப் பொறுப்பில் இருப்பதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அழுதார். மாமாவுக்காக அத்தை அழுது நான் பார்த்ததில்லை. குழம்புக்காக அழுதார். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ராட்டையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னார்: "எனக்குக் கருவாடே புடிக்காது சுமதி. அந்த வாடையே ஆவாது. மூக்குல துணியக் கட்டிக்கினு செய்வேன். ருசி பாக்கறதுகூட இல்ல. அவ ஒரு வாட்டி அமிர்தம்னு சொன்னாளே, ஆசைப்படறாளேன்னு வாரா வாரம் வச்சேன்."

அந்த இடத்தில் எனக்குப் பூமி பிளந்து வழிவிட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் உள்ளே போயிருப்பேன். பிடிக்காத ஒருவர் மூக்கைக் கட்டிக்கொண்டு செய்ததை, பிடிக்காத ஒருவர் புகழ்ந்து வாங்க, நான் சத்தம் வராமல் சாக்கடையில் ஊற்றியிருக்கிறேன். வாரா வாரம். அந்தக் கருவாடு மட்டும் என்ன பாவம் செய்தது?

அத்தை எழுந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருந்தது. சுவர் வழியாகப் போகாமல் தெருவழியாக, எல்லோரும் பார்க்க, எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கையில் வைத்தபடியே எழுந்து நின்றாள். அத்தை மெதுவாக, "ஏண்டி, நல்லா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு பேரும் பொழச்சிருப்போமே" என்றார்.

அம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அத்தை மூக்கில் துணி கட்டிய விவரத்தைச் சொன்னார். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன், அழத்தான் செய்தாள், ஆனால் நடுவில் எங்கேயோ அது சிரிப்பாகிவிட்டது. பூனை மோந்து பார்த்ததை நினைத்துவிட்டாள் போல. அத்தைக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரி, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நானும் சிரித்தேன்.

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். "நீ சிரிக்காத" என்றாள் அம்மா.

எல்லாம் அதோடு முடியவும் இல்லை. அத்தை மறுபடி சுவர்ப் பக்கம் வர ரொம்ப நாள் பிடித்தது. வந்தபோது பழைய மாதிரி வந்தார் என்றும் சொல்ல முடியாது. அம்மா எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால், அத்தை அவள் முகத்தை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வையைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். குழாயடியில் பெங்களூர் மழையைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. ஒரு வேலை மிச்சம் என்று அத்தை அம்மாவிடம் சொன்னாராம். மாமாவுக்கு விஷயம் ஷேர் ஆட்டோ ஏறி ஐயம்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கேயும் ஆட்கள் கேலி பேச, அந்த மனுஷர் வெட்கப்பட்டுக்கொண்டு குடும்பத்தோடு ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். எங்கே என்கிறீர்களா? பெங்களூருக்குத்தான். அங்கே அவருக்கு நிஜமாகவே மில் வேலை கிடைத்தது.

நான் அன்றோடு குரல் பேசுவதை விட்டேன். ஜெயந்தி எவ்வளவோ கெஞ்சினாள். விக்கல் இல்லாமலே அவள் வளர்ந்து, கல்யாணம் ஆகி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டாள். என் கல்யாணத்தில் பாட்டுக் கச்சேரிக்காரர் மணப்பெண்ணை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எங்கள் தெருப் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இது ஏதோ எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்து அவர்களும் எழுந்து நின்றார்கள். அப்பா வேகமாக வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். என் கணவருக்கு விளக்கம் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று. அவர் இன்றைக்கும் தன் அம்மாவைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் சொல்வதில்லை. நல்ல மனுஷர் என்று நான் சொல்லிக்கொள்வது. பயம் என்று என் நாத்தனார் சொல்வது.

தெருவில் அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆடிக் கூழை லோகா அத்தை கையால் வாங்குகிறவர்கள் பாத்திரத்தோடு அப்படியே போய்விட முடியாது. அங்கேயே ஒரு வாய் குடித்து, எப்படி இருக்கிறது என்று அத்தை முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியாது. தெருக்காரர்கள் சொல்லிவிடுவார்கள், என்னைக் கையால் காட்டி.

போன ஆடிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அத்தைக்கு வயதாகிவிட்டது, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊற்றினார். அம்மா பக்கத்தில் நின்று வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. ஒரு வாய் குடித்தேன். உப்பே இல்லை. நான் வாயைத் திறப்பதற்காகப் பின்னால் வரிசை முழுக்க அமைதியாகிவிட்டது. அம்மா வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நல்லா இருக்குது என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. அத்தை கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"உப்பு பத்தல அத்தை" என்றேன், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அத்தை ஒரு கை உப்பை அள்ளி அண்டாவில் போட்டுக் கலக்கினார். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "பரவால்லடி, உம் பொண்ணு தேறிட்டா. இந்த வாட்டி மொதல்ல எங் காதுக்கு வந்துச்சு."

வரிசை சிரித்தது. என்னம்மா ஜோக் என்று மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் பின்னால் நின்றவர்களில் நாலு பேர் அவளைச் சுற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.